இனம்: தெரியாது

போன மாதம் அருப்புக்கோட்டையில் நாய், பூனைகளுக்கென்று ஒரு மருத்துவமனை திறந்தார்கள். கால்நடைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்று எனக்கும் அழைப்பு வந்தது. உள்ளே குளிரூட்டிய அறை, நாய் குளிக்கத் தொட்டி, முடி உலர்த்த ஒரு கருவி, முடி வெட்டத் தனி ஆள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓர் அம்மா தோள்பையோடு வந்தார். பைக்குள்ளிருந்து தாடி வைத்த ஒரு சின்ன முகம் எட்டிப் பார்த்தது. என்னை மேலும் கீழும் அளந்துவிட்டுக் குரைத்தது.

"டெரியர் சார். பயங்கர சேட்டை. நீங்க சர்வீஸ்ல இருந்தப்ப இந்தப் பக்கம் இதெல்லாம் எங்க இருந்திருக்கப் போகுது?" என்றார் அங்கிருந்த இளைய டாக்டர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் பிறப்பதற்கு முன்பே ஒரு டெரியர் என்னைச் சந்தி சிரிக்க வைத்திருக்கிறது. அங்கேயே பாதிக் கதையைச் சொன்னேன். மீதியையும் எழுதித்தான் தர வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதுகிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம், எனக்குப் பழகிவிட்டது.

அறுபதுகளின் நடுவில் நான் ஸ்டாக்மேன் கம்பவுண்டராக, அதாவது கால்நடை டாக்டருக்கு உதவியாளாக, வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சி மதுரையில். மாட்டுக்கு மருந்து புகட்டுவது, ஆட்டுக்கு ஊசி போடுவது, கோழிக்கு அம்மை குத்துவது எல்லாம் ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தார்கள். நாய்க்கென்று ஒரே ஒரு பிற்பகல் ஒதுக்கியிருந்தார்கள். அன்றைக்கு மழை. பாடம் நடத்த வேண்டியவர் வரவில்லை. நாயைப் பற்றி நான் கற்றது அவ்வளவுதான்.

திருச்சுழிப் பக்கம் ஒரு சின்ன மருந்தகத்தில் போட்டார்கள். ஊரார் அதை மாட்டாஸ்பத்திரி என்பார்கள். டாக்டர் பெயர் கிருபாகரன். ஒல்லியான மனிதர், கண்ணாடி போட்டவர். விலங்குகளிடம் மரியாதையாகவும் மனிதர்களிடம் ஏகவசனத்திலும் பேசுவது அவர் வழக்கம். வயிறு ஊதிய காளை வந்தால், "வாங்கய்யா, என்ன சாப்பிட்டீங்க?" என்று அதன் காதருகே போய்க் கேட்பார். அதை ஓட்டி வந்தவரிடம், "ஏலே, என்னத்தடா போட்டே?" என்பார். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. விலங்கைத் தொடுவதற்கு முன்னால் ஒருமுறை, தொட்ட பின் ஒருமுறை, மருந்து எழுதிய பின் ஒருமுறை என்று மூன்று தடவை கை கழுவுவார். கோபம் வந்தால் கத்த மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம்.

ஒரு தை மாதம், சந்தை நாள். வாசல் முழுக்க ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், பனையோலைப் பெட்டி ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு வரிசையில் நின்றார். பெட்டிக்குள் கோழி என்றுதான் நினைத்தேன். என் மேசை மேல் இறக்கி மூடியைத் திறந்தார். வெள்ளை உடம்பு, முதுகில் பழுப்புத் திட்டு, தேங்காய் நார் மாதிரி முரட்டு முடி, தாடி, மீசை, கட்டை விரல் நீளத்துக்கு ஒரு வால். பெட்டிக்குள் நின்றபடியே என் பேனாவைக் கவ்வப் பார்த்தது.

அவர் பெயர் இருளாயி. பரளச்சிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். எட்டு மைல் பஸ்ஸிலும் நடந்துமாக வந்திருந்தார். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டுமாம். நாய் கடித்ததென்று மனிதர்கள் எங்களிடம் வருவதுண்டு. நாய்க்கே ஊசி போடச் சொல்லி அதுவரை ஒருவரும் வந்ததில்லை. பதிவேட்டைத் திறந்தேன்.

"நாய் என்ன இனம்?"

"டெரியரு."

ஆடுகள் போட்ட கூச்சலில் என் காதில் "தெரியாது" என்று விழுந்தது. சரி, பாவம், அவருக்கு எப்படித் தெரியும் என்று எழுதிக்கொண்டேன்.

"வயசாவது தெரியுமா?"

"ஆறு."

உருவத்தைப் பார்த்தேன். ஆறு மாதக் குட்டிதான். இனம்: தெரியாது. வயது: ஆறு மாதம். எழுதி முடித்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரே யோசனையையும் சொன்னேன். "பூச்சி மருந்து தாரேன்க்கா. வயித்துல பூச்சி இருந்தா இப்படித்தான் வளராமக் கெடக்கும். ரெண்டு மாசத்துல பாருங்க, கன்னுக்குட்டி மாதிரி ஆயிரும்."

இருளாயி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இதுக்கு மேல வளந்தா நான் எங்கய்யா போவேன்? வளர வேண்டியதெல்லாம் வளந்தாச்சு" என்றார்.

டாக்டர் நாயின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். "இவுகளுக்கு ஆறு வயசுலே. நல்ல டெரியரு. பதிவேட்டைச் சரி பண்ணு" என்றார். சரி பண்ண வேண்டுமானால் அடித்து எழுதி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். "தெரியாது" என்று நான் எழுதியதை அவர் படிப்பார். கண்ணாடியைக் கழற்றுவார். வெட்கத்தில் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மருந்து மதுரையிலிருந்து ஐஸ் போட்ட குடுவையில் வந்து சேர இரண்டு வாரம் ஆயிற்று. ஊசி போட்ட அன்றைக்குப் பதிவேட்டைப் பார்த்தே சீட்டு எழுதினேன். ஒரு பசு கன்று ஈனும் அவசரத்தில் டாக்டர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். இருளாயிக்குப் படிக்கத் தெரியாது. சீட்டை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த நாயின் பெயர் பட்டன். மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களாவில் இருளாயி ஆயாவாக இருந்திருக்கிறார். வெள்ளைக்காரக் குடும்பம் தங்கள் நாட்டுக்குக் கிளம்பும்போது நாயை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்குத் தெரிந்த மொழி ஆங்கிலம்தான். "சிட்டு", "ஸ்டே", "நோ" என்று இருளாயி சொல்வார், அது கேட்கும். ஊரில் மற்றவர்கள் "ஏய், போ" என்றால் காதில் வாங்காது.

நாய் வளர்ப்பில் நான் அரிச்சுவடி படித்தது அந்த அம்மாவிடம்தான். பரளச்சிப் பக்கம் ஆட்டுக்கு ஊசி போடப் போகும்போதெல்லாம் அவர் வீட்டுக்கு ஒரு நடை போவேன். ஒருநாள் பட்டனை மடியில் கிடத்தி முதுகு முடியை விரலால் பிடுங்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பதறியது.

"கோழி உரிக்கிற மாதிரி உரிக்கிறீங்களேக்கா, வலிக்காது?"

"செத்த முடிய்யா. தானா வரும். கத்தரி போட்டா பஞ்சு மாதிரி மெத்துனு ஆயிரும், அப்பறம் முள்ளும் ஒட்டுப்புல்லும் உள்ள போயிக் குத்தும். பிடுங்கினா மறுபடி கம்பியாட்டம் வரும். வருசத்துக்கு ரெண்டு தரம்."

தொட்டுப் பார்த்தேன். பட்டன் அரைத் தூக்கத்தில் கிடந்தது. குளிப்பாட்டுவது அபூர்வம், சோப்புப் போட்டால் முடி கெட்டுப்போகும் என்றார். காட்டுக்குப் போய் வந்தால் காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி தேடுவார். சித்திரை வெயிலில் நனைத்த கோணிச் சாக்கின் மேல் படுக்க வைப்பார். கம்பஞ்சோற்றில் மோர் ஊற்றிக் காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். "அதிகம் போட்டா கொழுத்துரும். பெறகு பொந்துக்குள்ள மாட்டிக்கிரும்" என்றார்.

பொந்துதான் அதன் உலகம். நம் பக்கத்து வேட்டை நாய் முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்தும். டெரியருக்குக் கண்ணில் படுவதைவிட மண்ணுக்குள் இருப்பதில்தான் ஆசை. எங்காவது துளை கண்டால் மூக்கை வைக்கும், தலையைச் சாய்த்துக் கேட்கும், அப்புறம் முன்னங்கால் இரண்டும் இயந்திரமாகிவிடும். வேர் குறுக்கே வந்தால் பல்லால் கடித்து இழுக்கும். பொறுமை என்பது அதற்குக் கிடையாது, பயமும் கிடையாது. தன்னைப்போல் நாலு மடங்கு இருக்கும் நாயிடம் நேரே போய் முறைத்துக்கொண்டு நிற்கும். தான் சின்ன நாய் என்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை.

மாசி மாதம் அந்த ஊரில் சோளத்தட்டையை அடுக்கி வைத்த படப்பைப் பிரித்தார்கள். அடித்தட்டுக்கு வரும்போது எலிகள் நாலா பக்கமும் சிதறி ஓடும். வழக்கமாகக் கம்போடு பத்து ஆட்கள் நிற்பார்கள். அந்த வருடம் பஞ்சாயத்துத் தலைவரே ஆள் அனுப்பி, "ஏ இருளாயி, ஒந் தாடிக்கார நாயக் கொண்டா" என்று கேட்டாராம். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். தலைவர் வீட்டு வேட்டை நாய் உயரமாக, அழகாக, இதெல்லாம் தன் வேலையில்லை என்று நின்றது. பட்டன் இறங்கியது. ஒரு கவ்வு, ஒரு உதறு, எலி கீழே. அது விழுவதற்குள் அடுத்தது. எண்ணிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் கணக்கை விட்டுவிட்டுக் கைதட்ட ஆரம்பித்தார்கள். மளிகைக்கடை செல்வராசு அண்ணாச்சி சந்தோஷத்தில் துண்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். கடை எலியால் நொந்து போயிருந்த மனிதர் அவர். அன்றிலிருந்து பட்டன் தினமும் சாயங்காலம் அவர் கடைக்குப் போய் மூட்டைகளுக்கு இடையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கை நிறையப் பொரிகடலை வாங்கித் தின்றுவிட்டு வரும்.

இனி அந்தச் சித்திரைக்கு வருகிறேன். காரியாபட்டிப் பக்கமிருந்து ஒரு வெறிநாய் ஊர் ஊராக ஓடி, ஆடு மாடுகளையும் இரண்டு மனிதர்களையும் கடித்துவிட்டது. அதை அடித்துக் கொன்ற பிறகும் பயம் அடங்கவில்லை. எந்த நாய் எச்சில் ஒழுகவிட்டாலும் கம்பைத் தூக்கினார்கள்.

ஒரு காலை நேரம், செல்வராசு அண்ணாச்சி எங்கள் மருந்தகத்துக்கு ஓடி வந்தார். ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது.

"டாக்டரய்யா, பட்டன் கடிச்சிருச்சு."

"நாய் கடிச்சா மனுச ஆஸ்பத்திரிக்குப் போவாம இங்க எதுக்குலே வந்தே?"

"நாய் கடிச்சா நாய் டாக்டருதான பாக்கணும்?"

டாக்டர் அவர் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போனார். சோப்புப் போட்டுக் கழுவினார். மறுபடி சோப்பு, மறுபடி தண்ணீர். கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணி நேரம். கழுவிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டார். முந்தின நாளிலிருந்து பட்டனுக்கு வாய் மூடவில்லை. எச்சில் கயிறாக ஒழுகுகிறது. தண்ணீரில் வாயை வைக்கிறது, குடிக்க முடியவில்லை. குரல் கம்மிவிட்டது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்குமோ என்று அண்ணாச்சி விரலை விட்டிருக்கிறார். பல் கீறிவிட்டது.

"ஊர்ல எல்லாரும் கம்ப எடுத்துட்டாக. இருளாயி நாயக் கோழிப் பஞ்சாரத்துக்குள்ள போட்டு மூடி, மேல ஏறி உக்காந்திருக்கு. எறங்க மாட்டேங்குது" என்றார் அண்ணாச்சி.

டாக்டர் கையைத் துடைத்தார். "நல்லாக் கேட்டுக்கோ. சாயங்காலத்துக்குள்ள அருப்புக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில போயி ஊசியை ஆரம்பிக்கணும். தொப்புளச் சுத்தி, தெனம் ஒண்ணு, பதினாலு. நாய் பத்து நாள் நல்லபடியா உசுரோட இருந்துச்சுன்னா அதோட நிறுத்திக்கலாம். செத்துப்போச்சுன்னா பதினாலும் போட்டே ஆகணும்."

அண்ணாச்சிக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். "அப்ப நாயக் கொல்லக் கூடாதுங்கய்யா! வாங்க, மொதல்ல அதக் காப்பாத்துங்க" என்று எங்களை பஸ்ஸுக்குத் தள்ளாத குறையாகக் கூட்டிப்போனார்.

நாங்கள் போனபோது இருளாயி வீட்டு முன்னால் ஊரே நின்றது. கோழி கவிழ்க்கும் பெரிய பஞ்சாரம், அதன் மேல் ஒரு பலகை, பலகை மேல் இருளாயி. முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பஞ்சாரத்தின் இடுக்கு வழியே எச்சில் ஒழுகும் தாடி தெரிந்தது. வேறு எந்த நாயும் அதற்குள் அடங்கியிருக்காது.

பஞ்சாயத்துத் தலைவர் கையில் என் சீட்டு இருந்தது. "ஊசி போட்ட நாயின்னு சாதிக்கிறா டாக்டரே. சீட்டப் பாருங்க. இனம் தெரியாதாம். ஆறு மாசக் குட்டியாம். இதுக்குத் தாடியே நரைக்கப் போகுது! வேற ஏதோ நாயோட சீட்டக் காட்டி எங்களை ஏமாத்துறா" என்றார்.

கூட்டம் இரைந்தது. "பொய்க்காரி" என்று யாரோ சொன்னார்கள். கம்புகள் ஓரடி முன்னால் வந்தன. இருளாயி என்னைப் பார்த்தார். சீட்டில் இருந்தது என்னவென்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. டாக்டர் சீட்டை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

என் சோம்பலாலும் வெட்கத்தாலும் ஓர் உயிர் போகப் போகிறது, பொய் சொல்லாத ஒருத்தி ஊர் முன்னால் பொய்க்காரி ஆகிறாள். அன்றைக்கு என்னை நானே வெறுத்தேன். பக்கத்தில் கிடந்த உரலின் மேல் ஏறினேன்.

"தப்பு என்னோடது! இந்தக்கா டெரியருன்னுதான் சொன்னாக. நாய் ஜாதி அது. எங்காதுல தெரியாதுன்னு விழுந்துச்சு. அப்படியே எழுதிட்டேன். வயசு ஆறுன்னாக. மாசம்னு நானாப் போட்டுக்கிட்டேன். வளர்றதுக்குப் பூச்சி மருந்துகூடக் குடுத்தேன். இந்த நாய்க்குத்தான் ஊசி போட்டோம், போட்டது எங்கையாலதான்!"

பின் வரிசையில் ஒருவர் கேட்டார். "அப்ப எங்க மாட்டுக்கு நீரு எழுதிக் குடுத்த சீட்டெல்லாம்?"

முதலில் ஒரு பெண் சிரித்தார். அப்புறம் ஊரே சிரித்தது. "டெரியரு", "தெரியாது" என்று மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்தார்கள். தலைவருக்கும் அடக்க முடியவில்லை, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறவன் கையில் கம்பு நிற்காது. ஒவ்வொன்றாகத் தரையில் ஊன்றினார்கள். நான் உரலின் மேல் வேர்த்துக் கொட்டி நின்றேன், ஆனால் அவ்வளவு இனிமையான சிரிப்பை அதற்குப் பிறகு கேட்டதில்லை.

டாக்டர் கண்ணாடியை மாட்டினார். உடனே நாயைத் தொட்டுவிடவில்லை. பஞ்சாரத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பட்டன் இரண்டு முன்னங்கால்களாலும் வாயைப் பிறாண்டியது. இருளாயி "சிட்டு" என்றதும் எச்சில் ஒழுக ஒழுக உட்கார்ந்து, கட்டை வாலை ஆட்டியது. தட்டில் தண்ணீர் வைத்ததும் ஆவலாக நாக்கை நீட்டியது, வாயை மூட முடியாமல் எல்லாம் சிந்தியது.

"எல்லாம் நல்ல அடையாளந்தான். வாயில என்னமோ சிக்கியிருக்கு" என்றேன் நான்.

"இதே மாதிரி நெனைச்சுக் கையை விட்ட டாக்டருங்க செத்திருக்காங்கலே. ஊமை வெறியும் இப்படித்தான் இருக்கும், வாய் தொங்கும். கட்டிப்போட்டுப் பத்து நாள் பாருன்னுதான் விதி" என்றார் டாக்டர். கொஞ்சம் யோசித்தார். "ஆனா இந்த வெயில்ல தண்ணி இல்லாம இவுக மூணு நாள் தாங்க மாட்டாக. செத்தா வெறின்னு எழுதுவோம். தலையை வெட்டி ஐஸ்ல வச்சுச் சோதனைக்கு அனுப்புவோம். நான் பாக்கத்தான் போறேன். கை உள்ள போவாது."

இருந்தது ஒரு ஜோடித் தோல் கையுறை. அதை எனக்குக் கொடுத்தார். நனைத்த கோணியால் பட்டனைக் கழுத்து வரை சுற்றி நான் முழங்காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டேன். மேல் கோரைப்பல்லுக்குப் பின்னால் ஒரு நாடா, கீழ்ப்பல்லுக்கு ஒரு நாடா, இரண்டையும் எதிரெதிராக இழுத்துக் கட்டி வாயைத் திறந்து நிறுத்தினார். வாய்க்குள் ஒரே இருட்டு. அண்ணாச்சி ஓடிப்போய்க் கடையில் தொங்கிய முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டு வந்தார். வெயிலை வாங்கி வாய்க்குள் அடிப்பது அவர் வேலை. பயத்தில் கை நடுங்க, வெளிச்சம் ஒருமுறை நாயின் காதிலும் ஒருமுறை தலைவர் முகத்திலும் விழுந்தது.

"ஏலே, ஆட்டாமப் பிடி!"

"நான் ஆட்டலய்யா, கை ஆடுது!"

இருளாயி நாயின் தலைமாட்டில் குனிந்து, "ஸ்டே பட்டா, ஸ்டே" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். பட்டன் அசையவில்லை. அதன் நெஞ்சு அடிப்பது மட்டும் கோணி வழியாக என் தொடைக்குத் தெரிந்தது. வெளிச்சம் ஒரு கணம் சரியாக விழுந்தது. மேலண்ணத்தின் குறுக்கே, கடைவாய்ப் பல்லிலிருந்து கடைவாய்ப் பல்லுக்கு ஆப்பு அடித்தது மாதிரி சுண்டுவிரல் பருமனில் என்னவோ கிடந்தது.

டாக்டர் நீளக் கிடுக்கியை விட்டார். முன்னால் இழுத்தால் வரவில்லை. ஒரு பக்கத்தைப் பின்னால் தள்ளி, மறுபக்கத்தைக் கீழே சாய்த்தார். டக்கென்று வந்தது. கருவேல வேர்த்துண்டு. இரண்டு முனையிலும் பல் பதிந்திருந்தது. கண்மாய்க் கரையில் பெருச்சாளிப் பொந்து ஒன்றைப் பட்டன் இரண்டு நாளாகத் தோண்டிக்கொண்டிருந்தது என்று இருளாயி சொன்னார்.

நாடாவை அவிழ்த்ததும் பட்டன் வாயை மூடியது. திறந்தது. மறுபடி மூடியது. அடுத்ததாக என் கையுறையைக் கவ்வி, எலியை உதறுவதுபோல் நாலு உதறு உதறியது. அப்புறம் தட்டுத் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு இன்னும் கேட்டது. அண்ணாச்சி கண்ணாடியோடு ஆடினார். வெளிச்சம் ஊர் முழுக்க ஆடியது.

டாக்டர் கை கழுவிக்கொண்டே அண்ணாச்சியின் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டார். "வேர் வந்திருச்சு. அதுக்காக விதி மாறாது. கடிச்ச நாய். பத்து நாள் சங்கிலி. நீ போயி ஊசியப் போட்டுக்கோ."

அந்தப் பத்து நாளும் சைக்கிளில் போய் நாயைப் பார்த்து எழுதி வருவது எனக்கு விதித்த தண்டனை. தின்றதா, குடித்ததா, குரைத்ததா, ஆளை அடையாளம் தெரிந்ததா. இம்முறை எழுதியதை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். நான் போகும் முன்பே அண்ணாச்சி அங்கே நிற்பார். வயிற்றைத் தடவிக்கொண்டே, "பட்டா, சாப்பிட்டியாப்பா? மூக்கு ஈரமா இருக்கா? நல்லா இருக்கணும் ராசா, எனக்காக இருக்கணும்" என்று கெஞ்சுவார். பொரிகடலை கொண்டு வருவார், கருப்பட்டி மிட்டாயும் கொண்டு வருவார். இருளாயி மிட்டாயைத் தட்டிவிடுவார். "இப்படிப் போட்டா வெறியில சாகாது, வயித்தாலதான் போகும்." தன்னைக் கடித்த நாயின் உடம்புக்கு அந்த மாதிரி கவலைப்பட்ட மனிதர் உலகத்தில் இருந்திருக்க மாட்டார்.

ஆறாம் நாள் நான் இருளாயியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் உண்ணி பார்த்துக்கொண்டே பேசினார்.

"விடுங்கய்யா. பன்னெண்டு வருசம் அந்த பங்களாவுல ரெண்டு புள்ளைகள வளத்தேன். எங்கையால தின்னு, எம்மடியில தூங்குன புள்ளைக. கப்பலேறிப் போச்சுக. இனி என்னத்தப் பாக்கப் போறேன்? அதுகளத் தெரிஞ்ச உசுரு இந்த ஊர்ல நானும் இதுந்தான். அந்தப் புள்ளைக பேரச் சொன்னா இது இன்னைக்கும் காதத் தூக்கும். அதுக்காகத்தான் பஞ்சாரத்துல உக்காந்தேன்."

என்னால் அன்றைக்கு அதற்கு மேல் எழுத முடியவில்லை. ஏட்டை மூடி வைத்துவிட்டு, நானும் பட்டனின் விரல் இடுக்கில் உண்ணி தேடினேன்.

பத்தாம் நாள் காலையில் டாக்டரே வந்தார். ஊரும் வந்தது. கண், நாக்கு, நடை எல்லாம் பார்த்தார். தண்ணீர் வைத்துப் பார்த்தார். "நல்லா இருக்கீக. சந்தோசம்" என்று பட்டனிடம் சொல்லிவிட்டு, அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "மிச்சம் நாலு ஊசி வேண்டாம்." அண்ணாச்சி இரு கையாலும் பட்டனைக் கும்பிட்டார்.

இருளாயி சங்கிலியை அவிழ்த்தார். பட்டன் யாரையும் பார்க்கவில்லை. அம்பாகப் பாய்ந்து தெருவைத் தாண்டிக் கண்மாய்க் கரைக்கு ஓடியது. அவர் "நோ! பட்டா, நோ!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். பின்னால் அண்ணாச்சி, நான், தலைவர், டாக்டர், ஊர். பத்து நாளும் சங்கிலியில் கிடந்து அது நினைத்துக்கொண்டிருந்தது அந்தப் பொந்தை மட்டும்தான் போலிருக்கிறது. நாங்கள் போய்ச் சேரும்போது வெளியே பின்னங்கால்களும் கட்டை வாலும்தான் தெரிந்தன. மண் பறந்தது. உள்ளே ஒரு பெரும் சண்டைச் சத்தம். பிறகு மெல்ல மெல்லப் பின்புறமாகவே வெளியே வந்தது. வாயில் தன் உடம்பில் பாதி இருக்கும் பெருச்சாளி, உயிரோடு துடித்துக்கொண்டிருந்தது.

ஊர் ஆரவாரம் செய்தது. அப்போதுதான் இருளாயி கரையில் அப்படியே உட்கார்ந்தார். பஞ்சாரத்தின் மேல் உட்கார்ந்தபோதும் அழாதவர், பொய்க்காரி என்றபோதும் அழாதவர், முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பட்டன் திரும்பிப் பார்த்தது. கவ்வியதை டெரியர் விடாது. கழுத்தைப் பிடித்துத் தூக்கினாலும் விடாது. எத்தனையோ டெரியர்களை அதன் பிறகு பார்த்துவிட்டேன், ஒன்றுகூட விட்டதில்லை. பட்டன் வாயைத் திறந்து பெருச்சாளியைக் கீழே போட்டுவிட்டு, ஓடிப்போய் இருளாயியின் மடியில் ஏறி, மண் அப்பிய தாடியோடு அவர் முகத்தை நக்கியது.

பெருச்சாளி தட்டுத் தடுமாறிப் பொந்துக்குள் ஓடியது. எங்களில் ஒருவரும் அதைத் துரத்தவில்லை.